தாளிக்காத சோறு

சோறு திரும்பி வந்தது.

காதர் பாயின் மாட்டுவண்டி அரிசி மில் வாசலில் வந்து நின்றபோது நல்ல வெயில். வண்டியில் இரண்டு அண்டா. காலையில் வாழை இலை போட்டு எப்படி மூடி அனுப்பினோமோ அப்படியே இருந்தன. ஓரத்தில் செருகிய இலைகூட நகரவில்லை. இலையைத் தூக்கியதும் புளியும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் கலந்து மூக்கில் ஏறின. காலையில் நாக்கில் எச்சில் ஊறவைத்த அதே வாசனை.

"ஒருத்தரும் கிட்டயே வர்ல சேவிகாம்மா," என்றார் காதர் பாய், தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "கயிறாண்ட வண்டிய நிறுத்திக்கினு கூவிக்கினே இருந்தேன். பொம்பளைங்கல்லாம் மூக்கப் பொத்திக்கினு உள்ள பூட்டாங்கோ. ஒரே பேஜாராப் பூட்ச்சு. பசில கெடக்கறவங்க சோத்தப் பாத்து ஓடி நான் பாத்ததில்ல."

என் பின்னால் வரதன் சித்தப்பா நின்றிருந்தார். அது அவர் ஆக்கிய சோறு. திருவள்ளூர் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் பாதி ஆயுளைக் கழித்த கை ஆக்கிய புளியோதரை. அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கினார். முகர்ந்தார். பிறகு இலையைப் பழையபடி மூடிவிட்டு, கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சென்ற வாரம், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கிராம சேவிகாவாக, அதாவது அரசாங்கத்தின் கிராம நலப் பணியாளராக, நான் வேலைக்குச் சேர்ந்ததையும், கப்பலில் வந்த பால்பவுடரைக் கரைத்துக் கொடுக்கப் பட்ட பாட்டையும் எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்பதற்கு அதிகம் இல்லை. அதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம்

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலம். இன்றைக்கு இரும்பு உருக்கும் ஆலைகளும் லாரிகளும் நிறைந்து, வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் கறுப்புச் சட்டையோடு திரும்பிவருகிற தொழிற்பேட்டையாக இருக்கிறதே, அந்த இடத்தில் அன்று சவுக்குத் தோப்பும், பனைமரங்களும், நடுவில் செங்கல் சூளைகளும்தான் இருந்தன. தொழிற்சாலை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், சினிமா வசனம் பேசாதே என்றிருப்போம்.

அப்படி ஒரு சூளையில் பெரியம்மை வந்தது.

செங்கல் அறுக்கிறவர்களின் கொட்டகைகள் சூளையை ஒட்டி வரிசையாக இருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும் குடும்பத்தோடு வந்தவர்கள். முதலில் விழுந்தவன் ஏழுமலை என்கிற சூளைத் தொழிலாளி. அவனைச் சுகாதார வேனில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு சேதியே இல்லை. அவன் பிழைத்து, முகமெல்லாம் குழியாக, மழைக்காலத்தில் திரும்பி வந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கோடையில் அவன் மனைவி செங்கம்மாவுக்கு அது தெரியாது. வேன் போனால் போனதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதனால்தான் தன் மகள் அஞ்சலைக்கு அம்மை கண்டபோது, வேன் வாசலில் வந்து நின்றும் அவளைக் கொடுக்கவில்லை. அஞ்சலைக்கு ஏழோ எட்டோ வயது இருக்கும்.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து எல்லோருக்கும் அம்மைத் தடுப்பூசி குத்தினார். பிறகு பனைமரத்துக்குப் பனைமரம் தாம்புக்கயிறு கட்டினார். கயிற்றைத் தாண்டி யாரும் வெளியே வரக் கூடாது, வெளியாள் உள்ளே போகக் கூடாது. ஒரு போலீஸ்காரர் பனை நிழலில் உட்கார்ந்துகொண்டார். சூளை முதலாளி நெருப்பை அணைக்கச் சொல்லிவிட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டார்.

நோய்க்குக் கயிறு கட்டியாயிற்று. வயிற்றுக்கு என்ன கட்டுவது என்று யாரும் யோசிக்கவில்லை. கல் அறுத்தால்தான் அவர்களுக்குக் கூலி. ரேஷன் கடை கயிற்றுக்கு இந்தப் பக்கம். காட்டுப்பள்ளியிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் பெண்கள் அந்தப் பாதையையே விட்டுவிட்டார்கள். ஆறு மைல் சுற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

நான் தாசில்தார் ஆபீஸ், பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் என்று ஏறி இறங்கினேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள். அரிசியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் உள்ளூர் அரிசி மில்காரர்தான் சரி என்றார். நல்ல மனிதர், ஆனால் சந்தேகப் பிராணி.

"அரிசியாக் குடுத்தா மேஸ்திரி ஊட்டுக்குப் பூடும் தாயி," என்றார் அவர். "எனக்குத் தெரியாதா இன்னா. மில்லுலயே ஆக்கி, சோறா எடுத்துக்கினு போங்க. வெறகும் நான் தர்றேன். ஆக்கறதுக்கு ஆளப் புடிங்க."

ஆள் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் எதிரே இருந்த கிளப்புக்கடைச் சமையல்காரர், சூளைக்கு என்று கேட்டதும், மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று ரயிலேறிவிட்டார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு வரதன் சித்தப்பாவின் ஞாபகம் வந்தது.

ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

என் அப்பாவின் தம்பி. முகம் முழுக்க அம்மைத் தழும்பு. சின்ன வயதில் வந்து, பிழைத்தவர். அந்த முகத்துக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை. "பெண்ணைப் பெத்தவா எல்லாம் என்னண்ட பேசறச்சே கொல்லைப்பக்கத்தையே பாத்துண்டிருப்பா. மாட்டைப் பாத்துப் பேசினாக்கூட மனுஷா மூஞ்சியைப் பாத்துப் பேசுவாளே," என்று அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். சிரித்து முடித்த பிறகு அவர் கொஞ்ச நேரம் தனியாக எங்காவது போய்விட்டு வருவார்.

அம்மை வந்து போனவர்களுக்கு மறுபடி வராது. அவரைக் கூப்பிட அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நூறு பேருக்கு ஆக்குவது அவருக்குப் பொழுதுபோக்கு.

சித்தப்பாவின் சமையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயில் மடைப்பள்ளியில் தளிகையை ருசி பார்க்கக் கூடாது. பெருமாளுக்கு முன்னால் மனுஷ நாக்கு படக் கூடாது. வாசனையை வைத்தே உப்பு, புளி, காரம் மூன்றும் தனக்குத் தெரியும் என்று சித்தப்பா பெருமையடித்துக்கொள்வார். புளியும் காரமும் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். உப்பு தெரியாது. எப்போதும் ஒரு கல் தூக்கலாகத்தான் இருக்கும். பெருமாள் புகார் சொன்னதில்லை என்பார். வீட்டில் நாங்கள் மோரை ஊற்றிச் சமாளித்துக்கொள்வோம்.

சொல்லி அனுப்பிய மறுநாளே வந்துவிட்டார். திருவள்ளூரிலிருந்து பெரியபாளையம் வழியாக வருகிற பஸ். பஸ்ஸில் வந்த கதையைக் கேட்டால் எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரிந்துவிடும். பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்கு வேப்பிலை உடுத்திக்கொண்டு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர் வந்தால் சித்தப்பா ஜன்னலுக்கு இந்தப் பக்கம் திரும்பித் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊர் தாண்டிய பிறகுதான் தலையைத் தூக்குவார். எங்கள் வீட்டில் பெருமாள் மட்டும்தான். வேறு சாமியின் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம். அம்மை வந்தால் ஊரெல்லாம் "அம்மா வந்திருக்கா" என்று சொல்லும். எங்கள் வீட்டில் வைசூரி என்றுதான் சொல்வோம். அது வியாதி, அவ்வளவுதான்.

வந்து இறங்கியவர் கையில் ஒரு துணிப்பை. அதற்குள் நீளக் காம்பு வைத்த இரும்புத் தாளிப்புக் கரண்டி. "உங்க ஊர்க் கரண்டியில கடுகு வெடிக்காதுடி," என்றார்.

மறுநாள் காலை மில் முற்றத்தில் கடுகு வெடித்தது. நெல் உலர்த்தும் பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்று முகர்ந்தார்கள். அந்தச் சோறுதான் திரும்பி வந்தது.

இரண்டாவது நாள்

புளி ஒத்துக்கொள்ளாதோ என்று மறுநாள் சாம்பார் சாதம் செய்தார். மில்காரர் வீட்டிலிருந்து நெய் வாங்கி, அதில் கடுகும் வெந்தயமும் மிளகாயும் தாளித்துக் கொட்டினார். அதுவும் திரும்பி வந்தது. இந்த முறை காதர் பாய் கயிற்றுக்கு உள்ளேயே அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்திருக்கிறார். ஒரு பெண் வந்து, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, கம்பால் அண்டாவை மறுபடியும் வெளியே தள்ளிவிட்டுப் போனாளாம்.

சானிட்டரி இன்ஸ்பெக்டருக்குக் கோபம் தாங்கவில்லை. "கொழுப்பும்மா. கவர்ன்மென்ட் எது குடுத்தாலும் வேணாம். ஊசி வேணாம், வேன் வேணாம், இப்ப சோறும் வேணாம். கெடக்கட்டும்."

மில்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கணக்குப்பிள்ளையிடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்: "தாயி, அரிசி கெடைக்காம ஜனங்க அல்லாடுது. நான் ஆக்கிக் கொட்டிக்கினு இருந்தா ஊரு என்னத் திட்டும். நாளைக்கும் திரும்பி வந்துச்சுன்னா அடுப்ப அணைச்சிடலாம்."

அடுப்பை அணைத்தால் அந்தக் கொட்டகைகளுக்கு வேறு வழியில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஏறாத ஆபீஸ் பாக்கியில்லை. நான் காதர் பாயின் வண்டியிலேயே ஏறிச் சூளைக்குப் போனேன்.

வாசனை

கயிறு வெயிலில் தொய்ந்து கிடந்தது. அணைந்த சூளையிலிருந்து சாம்பல் வாடை. கொட்டகை வாசல்களில் வேப்பிலைக் கொத்துகள், சில பச்சையாக, சில காய்ந்து. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தில் ஒரு சத்தம் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. அடுப்புப் புகையும் எங்கும் இல்லை.

கூப்பிட்டேன். வெகுநேரம் கழித்துச் செங்கம்மா வெளியே வந்தாள். அதற்கு முன் அவளைப் பார்த்திருக்கிறேன். தலையில் செங்கல்லை அடுக்கிக்கொண்டு பலகையில் ஏறிப் போகும் திடமான பெண். இப்போது சேலை அவள்மேல் நிற்கவில்லை. இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தாள்.

"அங்கியே நில்லு சேவிகாம்மா," என்றாள். "கிட்ட வராத."

"ஏன்மா சோத்தைத் திருப்பி அனுப்பறீங்க? நல்ல சோறு. கோயில்ல சமைக்கிறவர் சமைச்சது."

"நல்ல சோறுதான். யாரு இல்லன்னா." அவள் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஊட்ல கீறா. தாளிச்ச வாசன அவளுக்கு ஆவாது. கடுகு வெடிச்ச சோத்த உள்ள எடுத்துக்கினு வந்தா புள்ள மேல முத்து இன்னும் பொங்கிடும். உனுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. வேப்பிலை கட்டுவது தெரியும். கூழ் ஊற்றுவது தெரியும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது, பெருமாள் கோயில் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வட்டாரத்துக்கு வந்து வருஷம் திரும்பவில்லை.

"அம்மை வராத வீடுகளும் இருக்கே. அவங்க சாப்பிடலாமே."

"இந்த வரிசைல ஒரு ஊட்ல அம்மா கீறான்னா யாருமே தாளிக்க மாட்டோம். காத்து எல்லா ஊட்டுக்கும் ஒண்ணுதான?"

"அப்போ என்னதான் சாப்பிட்டீங்க?"

"கேவுரு மாவு இருந்திச்சு. அத்த புள்ளைக்குக் கரைச்சி ஊத்தறேன்." தன்னைப் பற்றி அவள் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து சின்னக் குரல் ஏதோ கேட்டது. எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. செங்கம்மா திரும்பி, "தண்ணி ஊத்தட்டும்டி. அப்பறம் துன்னலாம்," என்றாள். தண்ணீர் ஊற்றுவது என்றால், அம்மை இறங்கிய பிறகு வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரைத் தலையில் ஊற்றிக் குளிப்பாட்டுவது. அன்றோடு அம்மன் வீட்டைவிட்டுப் போய்விட்டதாகக் கணக்கு. குழந்தை மாம்பழமோ எதுவோ கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் வண்டியில் ஏறினேன்.

கடுகு தீர்ந்துபோன வீடு

மில்லுக்குத் திரும்பிச் சித்தப்பாவிடம் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் கத்துவதற்குப் பேர்போனவர்.

"தாளிக்கப்படாதாமா?" என்றார். கரண்டி கையில் இருந்தது. "தாளிக்காத சோத்தை நான் யார் இலையிலயும் போட்டதில்லையேடி." குனிந்து அடுப்பிலிருந்த விறகைச் சரிசெய்தார். பிறகு, என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் பேச ஆரம்பித்தார்.

"எனக்கு வைசூரி வந்தப்போ எங்கம்மா ஒரு மாசம் தாளிக்கலை. அப்பா கோயில்லேர்ந்து வந்து சாப்பிட உக்காருவார். சாத்துமதுல கடுகே மிதக்காது. ஏன்டின்னு கேட்டா, கடுகு தீந்துபோச்சும்பா. மறுநாளும் தீந்துபோச்சும்பா. ஒரு ஆத்துல ஒரு மாசமாவா கடுகு தீந்துபோயிருக்கும்? நான் பாய்ல படுத்துண்டு கேட்டுண்டே இருப்பேன். அம்மாவுக்கு மறதின்னு நெனச்சுண்டிருந்தேன், இத்தனை வருஷமா."

அவர் கண் கலங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தாத்தாவுக்கும் பெருமாளுக்கும் தெரியாமல், வாய் திறந்து அம்மன் பேரைச் சொல்ல முடியாத ஒரு வீட்டில், தன் பிள்ளைக்காக அந்தப் பெண் எப்படிப் பயந்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். பாட்டியை நான் பார்த்ததுகூட இல்லை.

சித்தப்பா கரண்டியைக் கழுவித் துடைத்து, மில் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார்.

மறுநாள் குழைய வடித்த சாதம், உப்பு மட்டும் போட்ட மோர், ஒரு தவலை நிறைய கேழ்வரகுக் கூழ், கூடவே சின்ன வெங்காயம். "இப்படி மொட்டையா நான் தளிகை பண்ணினதே இல்லை," என்று முணுமுணுத்துக்கொண்டே அண்டாவை மூடினார். அன்று அண்டா காலியாகத் திரும்பி வந்தது. அடியில் ஒட்டியிருந்ததைக்கூட வழித்து எடுத்திருந்தார்கள். மில்காரர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுப்பு எரிந்தது.

ஆனால் அதற்குள் வரிசையில் கடைசிக் கொட்டகையில் ஒரு முதியவரும், பிறந்து சில மாதமான ஒரு குழந்தையும் போய்விட்டிருந்தார்கள். அம்மையாலா, எங்கள் அண்டா திரும்பி வந்த நாட்களின் பட்டினியாலா என்று சொல்ல யாரும் இல்லை. சவுக்குத் தோப்பில் பள்ளம் தோண்டி, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். வண்டியில் போகும்போது அந்த வெள்ளைத் திட்டுகள் தெரியும். காதர் பாய் அந்த இடம் வந்தால் மாட்டை விரட்டுவார்.

பொட்டலம்

அதன் பிறகு சித்தப்பா தினமும் வண்டியிலேயே கூட வந்தார். கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று தானே ஊற்றினார். போலீஸ்காரர் தடுத்தபோது தன் முகத்தைக் காட்டி, "ஒருதரம் வந்துட்டுப் போன வீடுப்பா இது. மறுபடி வராது," என்றார். போலீஸ்காரர் பனை நிழலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

முதலில் செங்கம்மா அவரோடு பேச மாட்டாள். பூணூலைப் பார்த்து ஒதுங்கி நிற்பாள். அவர் பாட்டுக்குப் பனங்கற்கண்டு கரைத்த தண்ணீரும் நுங்கும் அஞ்சலைக்கென்று தனியாகக் கொண்டுவந்து வைப்பார். பிறகு மெல்லப் பேச்சு வந்தது.

"இன்னிக்கு எப்படி இருக்கா?"

"முத்து எறங்கிக்கினு கீது சாமி. கண்ணு தெறந்து பாத்தா."

"நீ சாப்ட்டியோ?"

"துன்னேன் சாமி."

பொய். அவள் பங்கையும் மகளுக்கு ஊட்டப் பார்க்கிறாள் என்று பக்கத்துக் கொட்டகைப் பெண் சொன்னாள். "அவ எழுந்தப்பறம் நான் துன்னுக்கறேன்னு சொல்லிக்கினு கீதும்மா." சித்தப்பா திட்டிப் பார்த்தார். கெஞ்சியும் பார்த்தார். செங்கம்மா தலையைத் தலையை ஆட்டினாள். அவள் சேலையில் இன்னொரு சுற்று கூடியது.

ஒருநாள் சித்தப்பா ஒரு காகிதப் பொட்டலமும், சின்ன பாட்டிலில் நல்லெண்ணெயும் கொண்டுவந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். பொட்டலத்தில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், ஒரு துண்டுப் பெருங்காயம்.

"குழந்தைக்குத் தலைக்கு ஜலம் விட்ட அன்னிக்கு இதைத் தாளிச்சுக்கோ," என்றார்.

செங்கம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "தாளிச்சா இந்தக் கொட்டா முச்சூடும் தெரிஞ்சிடும் சாமி, அம்மா கெளம்பிட்டான்னு."

"தெரியட்டுமே. எனக்கும் தெரியணுமோல்லியோ? என் மூக்கு கயித்துக்கு இந்தப் பக்கம்தானே இருக்கு."

அன்றிலிருந்து கயிற்றருகே போனதும் அவர் செய்யும் முதல் காரியம் முகர்ந்து பார்ப்பதுதான். சாம்பல் வாடை, வேப்பிலை வாடை, பிளீச்சிங் பவுடர் வாடை. வேறெதுவும் இருக்காது. "ஆகட்டும், ஆகட்டும்," என்று சொல்லிக்கொண்டு அகப்பையை எடுப்பார்.

கடுகு வெடித்த நாள்

அன்று நாங்கள் கூழை ஊற்றத் தொடங்கியிருந்தோம். காற்று எங்கள் பக்கம் வீசியது. முதலில் காய்ந்த எண்ணெயின் வாசனை, பின்னாலேயே கடுகு, மிளகாய், பெருங்காயம். யாராலும் தப்பாக நினைக்க முடியாத வாசனை.

சித்தப்பா கையிலிருந்த அகப்பையைத் தவலையில் போட்டுவிட்டார். "ஜலம் விட்டாச்சுடி பத்மா. குழந்தை எழுந்துட்டா," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. எனக்கும் அழுகை வருகிற மாதிரி இருந்தது. சட்டி ஏந்தி நின்ற பெண்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சட்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

செங்கம்மாவின் வாசலில் வேப்பிலை இல்லை. உள்ளே புகை. அவள் அடுப்பின் முன்னால் குந்தி, சின்ன இரும்புச் சட்டியைக் கையில் பிடித்திருந்தாள். மூலையில் பாயில் அஞ்சலை, மஞ்சள் துணியால் தலைவரை மூடி.

சித்தப்பாவுக்கு இன்னும் புரியவில்லை. "எப்ப விட்டே ஜலம்?" என்றார்.

"ஊத்தல சாமி." அவள் நிமிரவில்லை. "அம்மா வெடியக்காலம் கெளம்பிட்டா. இவளையும் இட்டுக்கினு பூட்டா."

சட்டியில் கடுகு கருகிக்கொண்டிருந்தது. நான் வாசல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத நாளு ஒரு புளிசோறு கொண்டாந்தீங்களே," என்றாள் செங்கம்மா. "வண்டி வந்து நின்னப்பவே வாசன ஊட்டுக்குள்ள வந்துட்ச்சு. எம்மா, அந்தச் சோறு ஒரு வாயி குடுமான்னு கேட்டா. தண்ணி ஊத்தனப்பறம் துன்னலாம்டின்னேன். தெனிக்கும் கேப்பா. நேத்து சாயங்காலம்கூட கேட்டா. இப்ப எடுத்துக்கினு போறதுக்கு ஆளு வந்துடுவாங்க. அதுக்கு முன்னாடி வாசனையாவது போவட்டும்னுதான் சாமி."

அவள் சட்டியைப் பாயின் தலைமாட்டுக்கு நகர்த்தி வைத்தாள்.

சித்தப்பா திரும்பி நடந்தார். கயிற்றை மறந்து, அது மார்பில் தடுத்த பிறகுதான் நின்றார். வண்டியில் வழி முழுக்கத் தலையைக் குனிந்து தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மில்லுக்கு வந்ததும் ஆணியிலிருந்து கரண்டியை எடுத்தார். புளி ஊறவைத்தார். யாரையும் கிட்டே விடவில்லை. சின்னப் பானையில் கொஞ்சம் சாதம்தான். கடுகு வெடித்தபோது நெல் உலர்த்தும் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இந்த முறை யாரும் பக்கத்தில் வரவில்லை.

தலைமாட்டில்

நாங்கள் சவுக்குத் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் மூடிவிட்டுப் போயிருந்தார்கள். புதிய மண்மேல் சுண்ணாம்பு. பக்கத்தில் செங்கம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்; போலீஸ்காரர் அன்று கண்டுகொள்ளாமல் விட்டிருக்க வேண்டும். சவுக்கு மரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

சித்தப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார். கோயிலில் அப்படித்தான் கட்டிக்கொள்வார். "தலை எந்தப் பக்கம்மா?" என்று கேட்டார்.

செங்கம்மா காட்டினாள்.

அந்த இடத்தில் இலையை விரித்துச் சாதத்தை வைத்தார். ஆவி பறந்தது. மடைப்பள்ளிக்காரர்களுக்குத் தளிகையைக் கொண்டுபோய் வைப்பதோடு வேலை முடிந்துவிடும். ஆவியைக் கையால் காட்டிப் பெருமாளை அமுது செய்விப்பது அர்ச்சகருடைய காரியம். அத்தனை வருஷத்தில் சித்தப்பா அதை ஒரு நாளும் செய்ததில்லை. இங்கே அர்ச்சகர் யாரும் இல்லை. அவரே குனிந்து, வலது கையால் அந்த ஆவியை மண்ணின் பக்கம் மெதுவாக, மறுபடி மறுபடி தள்ளினார். பெருமாளைத் தவிர யார் முன்னாலும் குனியாத முதுகு அது. நான் பார்க்க முடியாமல் மரங்களின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு இலையை எடுத்துச் செங்கம்மாவின் முன்னால் வைத்தார்.

"அவ சாப்ட்டாச்சு," என்றார். "இனிமே நீ சாப்பிடணும்."

செங்கம்மா அவரைப் பார்த்தாள். அந்தத் தழும்பு முகத்தை அன்றுதான் அவள் நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். மென்று விழுங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு இன்னொரு பிடி.

"உப்பு கொஞ்சம் தூக்கலா கீது சாமி," என்றாள். "அஞ்சலைக்கு உப்பு தூக்கலா இருந்தாத்தான் புடிக்கும்."